‘இந்த வண்டி ஓடாது’ என்று சொல்ல யாருக்கு உரிமை உண்டு?

மெர்டேக்கா அணிவகுப்பு ஒத்திகைக்கு வந்த இராணுவ டாங்கி ஒன்று கோலாலம்பூர் நகரச் சாலையில் அப்படியே நின்றுபோன காட்சி பலருக்கு நினைவிருக்கும். 2022 ஆகஸ்டு மாதம் அது. படம் எடுத்தவர்கள் எத்தனை பேரோ, அதைப் பகிர்ந்து கிண்டலடித்தவர்கள் அதைவிடப் பல மடங்கு. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் அந்தப் படம் வந்தது. “ஜம்பர் கேபிள் யாராவது வெச்சிருக்கீங்களா?” என்று சித்தப்பா ஒருவர் கேட்டிருந்தார். நானும் சிரித்தேன்.

சிரிக்காதவர் பெரியப்பா ஒருவர்தான். பேராக்கில் ஒரு செம்பனைத் தோட்டத்தின் டிராக்டர் ஷெட்டில் முப்பது வருடத்துக்கு மேல் கிரீஸ் கையோடு இருந்தவர். “நின்னுச்சுல்ல, அதுவரைக்கும் நல்லது. கோளாற வெச்சுக்கிட்டு நிக்காம ஓடுற வண்டிதாம்மா ஆளக் கொல்லும்” என்றார்.

அந்த டாங்கியின் பெயர் ‘பெண்டேக்கார்’. போலந்து நாட்டுத் தயாரிப்பு. மலேசிய இராணுவத்திடம் 48 இருக்கின்றன. ரயில் சந்திப்பால் நமக்கெல்லாம் தெரிந்த கிம்மாஸில்தான் அவற்றின் முகாம். நாற்பது டன்னுக்கு மேற்பட்ட இரும்பு அது. சாலை நடுவே நின்றால் கேலிக்கு ஆளாகும். ஆனால் பிரேக்கோ ஸ்டீயரிங்கோ சரியில்லாமல் கூட்டத்துக்குள் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால், பெரியப்பா சொன்னதன் பொருள் புரிகிறது.

தமிழ் படித்துவிட்டுச் செய்தித் துறைக்கு வந்தவள் நான். டாங்கிக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் அந்த ஒரு வாக்கியம் மனத்தை விட்டுப் போகவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு, இராணுவ வாகனங்களைப் பழுதுபார்க்கும்போது நடந்த விபத்துகளைப் பற்றியும், பழுது சரியாகப் பார்க்கப்படாததால் நடந்த விபத்துகளைப் பற்றியும் பொதுவில் வெளிவந்த விசாரணை முடிவுகளைத் தேடிப் படித்தேன். இராணுவத்தில் ஒவ்வொரு திருகாணிக்கும் ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறார்கள். எதை எந்த வரிசையில் கழற்ற வேண்டும், எவ்வளவு இறுக்க வேண்டும், கழற்றும்போது யார் எங்கே நிற்க வேண்டும் என எல்லாமே புத்தகத்தில் இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்திலேயே குறுக்குவழி நுழைகிறது என்றால், எந்தப் புத்தகமும் இல்லாத நம் பக்கத்துப் பட்டறைகளைப் பற்றி என்ன சொல்வது?

பீரங்கிக்குள் மூன்று பேர்

முதலில் நமக்கு அக்கரையில், சிங்கப்பூரில், இன்றும் பேசப்படும் சம்பவம். நடிகர் அலோசியஸ் பாங் சீனத் தொலைக்காட்சி நாடகங்களால் அங்கே வீடுதோறும் தெரிந்த முகம். வயது 28. தேசிய சேவையின் தொடர்ச்சியாக ஆண்டுதோறும் அழைக்கப்படும் போர்க்காலப் படைவீரர் என்ற முறையில் 2019 ஜனவரியில் நியூசிலாந்தில் நடந்த பயிற்சிக்குப் போயிருந்தார். அங்கே அவருடைய வேலை, ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் தொழில்நுட்பர்.

ஜனவரி 19ஆம் தேதி, ‘பிரைமஸ்’ என்ற தானியங்கிப் பீரங்கி வாகனத்தில் ஒரு கோளாறு. 155 மில்லிமீட்டர் பீரங்கியைச் சுமந்து செல்லும் இந்தச் சங்கிலிச் சக்கர வண்டி சிங்கப்பூரின் சொந்தத் தயாரிப்பு. பாங்கும் நிரந்தரச் சேவையில் இருந்த இன்னொரு தொழில்நுட்பரும் உள்ளே போனார்கள். பீரங்கியை இயக்குபவர் ஒருவரும் உள்ளே இருந்தார். வேலை நடந்துகொண்டிருந்தபோது பீரங்கிக் குழல் கீழே இறக்கப்பட்டது. வெளியில் நீண்டிருக்கும் குழலின் பின்பகுதி வண்டிக்குள்ளே இருக்கிறது. குழல் அசைந்தால் உள்ளிருக்கும் பகுதியும் அசையும். அதற்கும் வண்டிச் சுவருக்கும் இடையில் பாங் நசுங்கினார். நான்கு நாள் கழித்து, ஜனவரி 23இல், மருத்துவமனையில் உயிர் பிரிந்தது.

அதே ஆண்டு மே மாதம் தற்காப்பு அமைச்சர் இங் எங் ஹென் விசாரணைக் குழுவின் முடிவுகளை நாடாளுமன்றத்தில் வெளியிட்டார். இயந்திரத்தில் எந்தத் தவறும் இல்லை. விதிப்படி, குழல் முதலில் அதற்குரிய நிலைக்கு வந்திருக்க வேண்டும். அதன்பிறகே கருவியைக் கையில் எடுத்திருக்க வேண்டும். குழலை அசைக்கும் முன் உள்ளே இருக்கும் ஒவ்வொருவரும் ஆபத்தில்லாத இடத்தில் நிற்கிறார்களா என்று உறுதி செய்திருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. சக தொழில்நுட்பர் பாங்கைத் தம் பக்கம் நகர்ந்து வரச் சொல்லியிருக்கிறார். பரவாயில்லை, தம்மீது இடிக்காது என்ற பொருளில் பாங் பதில் சொல்லியிருக்கிறார். குழல் அவரை நெருங்கியபோது மூவருமே பதறி அதைக் கையால் தடுக்கப் பார்த்தார்கள். அவசரமாக நிறுத்துவதற்கான பொத்தான் உள்ளேயே இருந்தது. அதை யாரும் அழுத்தவில்லை.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம், இதில் கெட்டவர் என்று யாரும் இல்லை. மூன்று பேரும் பயிற்சி பெற்றவர்கள். ஒருவர் எச்சரித்தும் இருக்கிறார். நம் வீடுகளில் மின்விசிறியைக் கழற்றும்போதும், கார் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தம்பியை ஸ்டார்ட் செய்யச் சொல்லும்போதும் இதே வார்த்தைகள்தானே வருகின்றன? “படாது, நீ போடு.”

முறைப்படி செய்திருந்தால் எவ்வளவு நேரம் கூடுதலாகப் பிடித்திருக்கும்? குழலை இறக்கிவிட்டு உள்ளே போவதற்கு ஆகும் நேரம்தான். அதிக நேரம் ஆகும் வேலையில் மனிதன் குறுக்குவழி தேடுவது புரிகிறது. ஆனால் ஒரு நிமிடம் மிச்சமாகும் இடத்தில்தான் குறுக்குவழி இன்னும் எளிதாக நுழைகிறது. அங்கே யாரும் அதைக் குறுக்குவழி என்றே நினைப்பதில்லை.

உள்ளே இருந்த மற்ற இருவர் மீதும் பின்னர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டு அபராதம் விதிக்கப்பட்டது. ஆயுதப் படை பயிற்சிகளை நிறுத்திப் பாதுகாப்பு நடைமுறைகளைச் சரிபார்த்தது. பயிற்சியின் வேகத்தைக் குறைத்தது. பிரிவுகளைத் தனியாக நின்று சோதிக்கும் தலைமை ஆய்வாளர் அலுவலகம் ஒன்றையும் உருவாக்கி, அது நேரடியாகத் தற்காப்புப் படைத் தலைவரிடம் பதில் சொல்லும்படி வைத்தது. இந்தக் கடைசி ஏற்பாட்டை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மீண்டும் அதற்கு வருவோம்.

இது நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிங்கப்பூரில் பிறந்த தமிழ்ப் பையன்கள் மட்டும் அங்கே தேசிய சேவை செய்வதில்லை. ஜொகூரிலிருந்தும் பேராக்கிலிருந்தும் வேலைக்குப் போய் நிரந்தரவாசம் பெற்ற நம்மவர்களின் மகன்களும், பெற்றோர் வழி நிரந்தரவாசிகளானவர்கள் என்பதால், அந்தச் சீருடையைப் போடுகிறார்கள். அவர்களில் பட்டறைப் பிரிவுக்குப் போகிறவர்களும் உண்டு.

கடலில் மூழ்கிய வண்டி

பாங்கின் மரணத்தில் குறுக்குவழி சில நொடிகளில் நடந்தது. மாதக்கணக்கில் நடந்த ஒன்றைப் பார்க்க அமெரிக்காவுக்குப் போக வேண்டும்.

2020 ஜூலை 30. கலிபோர்னியா கரைக்கு அப்பால் சான் கிளமென்டே தீவு. அமெரிக்க மரைன் படையின் நீர்நில வாகனம் ஒன்று, பயிற்சி முடிந்து தீவிலிருந்து ‘சோமர்செட்’ என்ற கப்பலுக்குக் கடல்வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. தரையில் சங்கிலிச் சக்கரத்தில் ஓடும். கடலில் படகுபோல் மிதந்து போகும். 1970களில் சேவைக்கு வந்த வகை. உள்ளே 16 பேர். வழியில் தண்ணீர் உள்ளே வர ஆரம்பித்தது. கியர் பெட்டியின் எண்ணெய் கசிந்து போயிருந்தது. அதனால் இயந்திரம் வலுவிழந்தது. தண்ணீரை இறைத்து வெளியே தள்ள வேண்டிய பம்புகளால் வருகிற தண்ணீருக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. உள்ளே இருட்டு, அவசர வழியைக் காட்ட வேண்டிய விளக்குகளும் எரியவில்லை. எட்டு மரைன் வீரர்களும் ஒரு கடற்படை வீரரும் மாண்டார்கள். வண்டி 385 அடி ஆழத்தில் போய்க் கிடந்தது.

விசாரணை அறிக்கை 2021இல் வெளியானது. இது தடுத்திருக்கக்கூடிய விபத்து என்று படையே ஒப்புக்கொண்டது. தண்ணீர் கணுக்கால் அளவு ஏறியதுமே ஆட்களை வெளியேற்றியிருக்க வேண்டும். அந்த உத்தரவு தாமதமாக வந்தது. தண்ணீருக்கடியில் வண்டியிலிருந்து வெளியேறும் பயிற்சி சிலருக்கு முழுமையாகக் கொடுக்கப்படவில்லை. பக்கத்தில் மீட்புப் படகு இல்லை. இப்படிப் பட்டியல் நீள்கிறது. என் கண்ணில் நின்றது வேறொன்று.

அந்தப் பிரிவுக்கு அந்த வண்டிகள் கொடுக்கப்பட்டபோது அவை எங்கிருந்து வந்தன தெரியுமா? ஓட்டக்கூடாது என்று ஒதுக்கி நிறுத்தப்பட்டிருந்த வரிசையிலிருந்து. கைக்கு வந்தபோது பெரும்பாலானவை மோசமான நிலையில் இருந்தன. பயிற்சித் தேதியோ நெருங்கிக்கொண்டிருந்தது. கோவிட் காலம் வேறு. பழுதுபார்ப்பவர்கள் இருக்கிற நேரத்தில் வண்டிகளை ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். ஓடும் நிலை என்பதையும் கடலில் இறங்கும் நிலை என்பதையும் பிரித்துப் பார்க்க அவகாசம் இல்லை. விபத்துக்குப் பிறகு மற்ற வண்டிகளையும் கடுமையான அளவுகோல் வைத்துச் சோதித்தபோது, பலவற்றில் அதே தண்ணீர்க் கசிவு, அதே எரியாத விளக்கு.

எண்ணெய்க் கசிவைக் கவனிக்காத ஒரு மெக்கானிக்கைப் பிடித்து உள்ளே போட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். அப்படிச் செய்யவில்லை என்பதைப் பாராட்ட வேண்டும். பட்டாலியன் தளபதி பதவி இழந்தார். டிவிஷன் தளபதியாக இருந்த மேஜர் ஜெனரல் வரை நடவடிக்கை போனது. 2021 டிசம்பரில் அந்த வகை வண்டிகள் நெருக்கடி நேரம் தவிர வேறு எப்போதும் கடலில் இறங்கக்கூடாது என்று படைத் தலைமை அறிவித்துவிட்டது.

கீழே இருப்பவன் குறுக்குவழியில் போனான் என்று சொல்வது எளிது. அந்த வழியில் போகும்படி நேரத்தையும் உதிரிப் பாகத்தையும் குறைத்தவர் யார் என்று கேட்டால்தான் மேசைக்குப் பின்னால் இருப்பவர்களுக்குச் சங்கடம்.

குறுக்குவழிக்கும் ஒரு முறை

இதையெல்லாம் வைத்துக் குறுக்குவழியே கூடாது என்று நான் எழுதப்போவதில்லை. இராணுவமே அப்படிச் சொல்வதில்லை.

1973ஆம் ஆண்டு அரபு-இஸ்ரேல் போரில், அடிபட்ட டாங்கிகளை இஸ்ரேலியப் பழுதுபார்ப்புக் குழுக்கள் இரவோடு இரவாக ஒட்டுப்போட்டுத் திரும்பக் களத்துக்கு அனுப்பின. ஆலையிலிருந்து புதுப் பாகம் வரும்வரை காத்திருக்க முடியாத நிலைமை. அந்த அனுபவத்தைப் பார்த்து அமெரிக்க இராணுவம் போர்க்களச் சேதப் பழுதுபார்ப்பு என்று ஒரு தனிப் பாடமே எழுதியது. கிழிந்த குழாயை எதை வைத்துச் சுற்றலாம், எந்தப் பாகம் இல்லாமலும் வண்டி சிறிது தூரம் ஓடும், எந்த எண்ணெய்க்குப் பதில் எதை ஊற்றலாம் என்றெல்லாம் அதில் உண்டு. நம் எஸ்டேட் மெக்கானிக் பார்த்தால், “இது நான் தினமும் செய்றதாச்சே!” என்பார்.

ஆனால் அந்தப் பாடத்தில் சில நிபந்தனைகளும் இருக்கின்றன. தளபதி அனுமதிக்க வேண்டும். என்ன செய்தோம் என்று எழுதி, வண்டியிலேயே சீட்டுக் கட்ட வேண்டும். முதல் வாய்ப்பு கிடைத்ததும் அந்த ஒட்டைப் பிரித்துவிட்டு முறையான பழுது பார்க்க வேண்டும். சாதாரண நாளில், அவசரம் இல்லாத இடத்தில், அந்தப் புத்தகத்தைத் திறக்கவே கூடாது.

சாதாரண நாளுக்கென்று வேறொரு வழக்கம். வண்டியை எடுக்கும் முன்பும், ஓடும்போதும், நிறுத்திய பின்பும் ஓட்டுநரே சோதித்துப் படிவத்தில் குறிக்க வேண்டும். வண்டியை நிறுத்தியே ஆக வேண்டிய கோளாறு என்றால் ஒரு பெருக்கல் குறி. அது விழுந்துவிட்டால் வண்டி நகரக்கூடாது. அந்தப் பெருக்கல் குறியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டால், குறிப்பிட்ட வேகத்திலோ குறிப்பிட்ட வேலைக்கோ மட்டும் ஓட்டலாம் என்று பொருள். அந்த வட்டத்தை மெக்கானிக்கோ ஓட்டுநரோ தாமாகப் போட்டுவிட முடியாது. பொறுப்பான அதிகாரி சொல்ல வேண்டும். பின்னால் ஏதாவது நடந்தால் கேள்வி அவரிடம் போகும்.

எனக்கு இந்த வட்டம் மிகவும் பிடித்திருக்கிறது. குறுக்குவழியைத் தடுப்பதைவிட அதற்கு ஒரு பெயரும் பொறுப்பாளரும் வைத்துவிடுவது பெரிய காரியம். காகிதத்தில் வட்டம் போடத் தயங்குகிற அதிகாரி, வாய்வார்த்தையாக “எப்படியாவது ஓட்டு” என்று மட்டும் ஏன் சுலபமாகச் சொல்கிறார்?

இன்னொரு சுவையான தகவல். புத்தகத்தை யாரும் படிப்பதில்லை என்பதை அமெரிக்க இராணுவம் வெகு காலத்துக்கு முன்பே புரிந்துகொண்டது. 1951இல் ‘பிஎஸ்’ என்ற பராமரிப்பு மாத இதழைத் தொடங்கிச் சித்திரக்கதை வடிவில் பாடம் நடத்தியது. வரைந்தவர் ‘ஸ்பிரிட்’ சித்திரக்கதையால் பேர் பெற்ற வில் ஐஸ்னர். 1971 வரை அவர் அதில் பணியாற்றினார். கிரீஸ் போடாத அச்சும் காற்று இறங்கிய டயரும் அதில் பாத்திரங்களாகப் பேசின. பத்தொன்பது வயதுப் பையனுக்குத் தடித்த கையேட்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, படிக்கவில்லை என்று குறை சொல்வதில் பயனில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஒரு டயரைக் கழற்றுவது

முறை என்பது எவ்வளவு சின்ன விஷயத்தில் உயிரைக் காக்கிறது என்பதற்கு டயரைவிட நல்ல உதாரணம் இல்லை. இராணுவ லாரிகள் பலவற்றின் ரிம் ஒரே துண்டு அல்ல. இரண்டு மூன்று பாகங்களைச் சேர்த்துப் பூட்டியது. அமெரிக்கப் படையின் ‘ஹம்வீ’ வாகனத்திலும் அப்படித்தான். சக்கரத்தை அச்சோடு பிணைக்கும் நட்டு ஒரு வரிசை. ரிம்மின் இரு பாதிகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் நட்டு இன்னொரு வரிசை. பார்வைக்கு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். காற்றை இறக்காமல் தவறான வரிசையைத் தளர்த்தினால் ரிம் வெடித்துப் பிரியும். முன்னால் குனிந்திருப்பவரின் கதி அதோகதி.

எனவே முறை இதுதான்: முதலில் வால்வுக்குள் இருக்கும் ஊசியைக் கழற்றிக் காற்றை முழுவதும் வெளியேற்ற வேண்டும். திரும்பக் காற்றடிக்கும்போது டயரை இரும்புக் கூண்டுக்குள் வைத்து, நீளமான குழாயைப் பிடித்துக்கொண்டு விலகி நின்று அடிக்க வேண்டும். லாரி டயர் வேலை பார்க்கும் நம் பையன்களுக்கு இது தெரியாத ஒன்றல்ல. தெரிந்தும், கூண்டு கடையின் பின்பக்கம் பழைய டயர்களுக்கு அடியில் கிடக்கிறது. வாடிக்கையாளர் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறார். “இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலையே” என்ற நம்பிக்கை வேறு.

ஒன்றும் ஆகாத ஒவ்வொரு நாளும் குறுக்குவழிக்கு ஒரு சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போகிறது. முறைப்படி செய்தவருக்கோ எந்தச் சான்றிதழும் கிடைப்பதில்லை. நடக்காமல் போன விபத்தை யார் எண்ணி வைத்திருக்கிறார்கள்?

தெலுக் இந்தானுக்குத் திரும்புவோம்

2025 மே 13ஆம் தேதியை இந்தப் பக்கத்து வாசகர்கள் மறந்திருக்க முடியாது. தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமித் திருவிழாப் பாதுகாப்புப் பணியை முடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த கலகத் தடுப்புப் போலீஸ் பிரிவின் வண்டியும், கல் ஏற்றி வந்த லாரியும் மோதின. நம் சாமி ஊர்வலத்துக்குக் காவல் நின்றவர்களில் ஒன்பது பேர் வீடு திரும்பவில்லை. எந்த இனம், எந்த மதம் என்று பார்க்காமல் அன்று எத்தனை கோயில்களில் விளக்கேற்றினோம் என்பது நமக்குத் தெரியும்.

அதன்பிறகு போக்குவரத்து அமைச்சு அமைத்த சிறப்புக் குழு லாரியின் ஸ்டீயரிங் கோளாறையும் அளவுக்கு மீறிய சுமையையும் சுட்டிக்காட்டியது. பாதுகாப்புப் படையின் வண்டி எவ்வளவு ஒழுங்காகப் பராமரிக்கப்பட்டிருந்தாலும், எதிரே வருகிற வண்டியின் பராமரிப்பும் சேர்ந்துதான் அதில் இருப்பவர்களின் உயிரைத் தீர்மானிக்கிறது.

எதிரே வருகிற அந்த லாரிகளை ஓட்டுவதும், பழுதுபார்ப்பதும், டயர் மாற்றுவதும் பெரும் அளவில் நம்மவர்கள். அதனால்தான் இராணுவத்துக் கதையை இவ்வளவு நீட்டினேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புஸ்பாகோம் சோதனை உண்டு. சோதனைக்கு முதல் நாள் நல்ல டயரை இரவல் வாங்கிப் பூட்டி, சான்றிதழ் கிடைத்ததும் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பழைய செலுப் டயரிலேயே ஓட்டும் கதையை எங்கள் வட்டாரத்தில் மூன்று பேரிடம் கேட்டால் இரண்டு பேர் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சோதனை நாளன்று வண்டி எப்படி இருந்தது என்பதற்குக் காகிதம் இருக்கிறது. மற்ற நாள்களுக்கு இல்லை.

நான் பேசிப் பார்த்த லாரி ஓட்டுநர்களில் ஒருவர் ஐம்பதை நெருங்குபவர். பெயர் போட வேண்டாம் என்றார். “பிரேக் சத்தம் வருது மொதலாளின்னு சொன்னா, ‘இன்னிக்கு ஒரு ட்ரிப் அடிச்சிடு, நாளைக்குப் பாப்போம்’பாரு. நாளைக்கும் அதேதான். முடியாதுன்னா சாவியைக் கொடுத்துட்டுப் போகணும். வேற ஆள் ரெடியா நிக்கிறான்” என்றார். இவருக்கு மாதச் சம்பளம் இல்லை. ட்ரிப்புக்கு இவ்வளவு வெள்ளி என்று கணக்கு. வண்டி பட்டறையில் நின்றால் இவர் வீட்டு அடுப்பும் நிற்கும்.

இங்கேதான் முன்பு நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன அந்த ஆய்வாளர் அலுவலகத்துக்கு வருகிறோம். சிங்கப்பூர் அதை ஏன் பிரிவுத் தளபதிகளுக்குக் கீழே வைக்கவில்லை? பயிற்சியை நடத்தி முடிக்க வேண்டிய அவசரம் உள்ளவரிடமே பயிற்சியை நிறுத்தும் பொறுப்பையும் கொடுத்தால், எந்தப் பக்கம் சாய்வார் என்பது தெரிந்த கதை. நம் லாரித் தொழிலில் வண்டியை ஓட்டினால்தான் காசு பார்ப்பவரும் வண்டியை நிறுத்த வேண்டியவரும் பெரும்பாலும் ஒரே ஆள். மெக்கானிக் சம்பளம் வாங்குவதும் அவரிடம்தான். வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கட்டாயமாக்குவது நல்லதே. ஆனால் தேய்ந்துபோன ஸ்டீயரிங் மூட்டைக் கருவி கண்டுபிடிக்காது. அதை ஷெட்டில் படுத்துக்கொண்டு கீழிருந்து பார்ப்பவன்தான் கண்டுபிடிப்பான். கண்டுபிடித்த பிறகு, வேலை போகாமல், பெருக்கல் குறி போட அவனுக்கு ஓர் இடம் வேண்டும். தொழிற்சங்கங்களும், தமிழ் வாக்கைக் கேட்டு வருகிற கட்சிக்காரர்களும் இந்த ஒன்றைப் பற்றி எப்போதாவது பேசியிருக்கிறார்களா என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு நினைவில் இல்லை.

பெரியப்பாவிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் பழைய கதை ஒன்றைச் சொன்னார். தோட்டத்தில் உதிரிப் பாகம் கேட்டால் வர மாதக்கணக்காகும். வயரும் பழைய டியூப் ரப்பரும் வைத்து வண்டியை ஓட்டுகிறவனுக்குத்தான் கெட்டிக்காரன் என்று பேர். “வண்டி ஓடணும், அவ்வளவுதான் மண்டோருக்குத் தெரியும். நாமளும் ஓட்டிக் காட்டுவோம். அதுல ஒரு பெருமை இருந்துச்சு, இல்லேன்னு சொல்ல மாட்டேன்.”

ஒருமுறை டிராக்டரையும் பழக்குலை ஏற்றும் டிரெய்லரையும் இணைக்கிற பின் தேய்ந்துவிட்டது. புதுப் பின் வரவில்லை. கட்டுமானக் கம்பி ஒன்றை வளைத்துச் செருகி ஓட்டக் கொடுத்திருக்கிறார். கம்பியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுவாராம். அதைப் பார்த்தால் ஓட்டுகிறவர் பாதிச் சுமைதான் ஏற்ற வேண்டும், மேட்டுப் பக்கம் போகக்கூடாது. இது அவர்களுக்குள் எழுதாத ஒப்பந்தம். அவர் விடுப்பில் இருந்த ஒரு நாள், மேலதிகாரி வருகிறார் என்று ஷெட்டைச் சுத்தம் செய்தவர்கள் பார்க்க நன்றாக இல்லையென்று அந்தத் துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டார்கள். மறுநாள் முழுச் சுமையோடு மேட்டில் ஏறும்போது கம்பி நிமிர்ந்துகொண்டது. டிரெய்லர் பின்னோக்கி உருண்டு ஒருவரின் கால்மேல் ஏறியது. பிழைத்துக்கொண்டார். கடைசிவரை நொண்டிதான்.

“கம்பி போட்டது நீங்கதானே பெரியப்பா?” என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாதோ என்று அப்புறம் தோன்றியது.

“நான்தான்” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. அவர் வீட்டுக் குளியலறையில் தண்ணீர்க் குழாய் ஒன்று கசிகிறது. ரப்பர் சுற்றி நிறுத்தி வைத்திருக்கிறார். அதன்மேல் ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்கிறது.